பதிவேட்டுக்கு வெளியே இரு பெண்கள்: நெல்லைச் சீமையில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கருப்பைவாய்ப் புற்றுநோய் அவகாசம் கொடுக்கும் நோய். இதை உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸ் (ஹெச்.பி.வி.) தொற்றியதிலிருந்து புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதும் கருப்பைவாயின் மேற்பரப்பில் நடக்கும் மாற்றங்களைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கவும், சில நிமிடங்களில் முடியும் சிகிச்சையால் நீக்கவும் முடியும். அப்படியிருந்தும் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,500 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 79,900 பேர் இறந்தனர். இந்த அவகாசம் யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குப் பயன்படாமல் கழிகிறது என்பதை, ஒரே வீட்டில் வாழும் இரு பெண்களின் வழியாக இங்கே பார்க்க முயல்கிறேன்.

இருவரும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள். முக்கூடல் வட்டாரத்தில் தாமிரபரணியை ஒட்டிய ஓர் ஊரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். பீடி சுற்றுவது தொழில். மூத்தவருக்கு 44 வயதில், நோய் கருப்பைவாயைக் கடந்து பக்கத்துத் திசுக்களில் பரவிய பிறகு, இரண்டாம் நிலையின் பிற்பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இளையவருக்கு 39 வயது. மூத்தவரின் நோய் தெரியவந்த அதே சமயத்தில் அவருக்குச் செய்த பரிசோதனையில் புற்றுக்கு முந்தைய மாற்றம் மட்டுமே தென்பட்டது. இருவருக்கும் ஒரே ஆரம்ப சுகாதார நிலையம், ஒரே கிராம சுகாதார செவிலியர், ஏறக்குறைய ஒரே வருமானம்.

இது ஒரு தனி நபரின் மருத்துவ வரலாறு அன்று. இப்பகுதியில் பெண்கள் உடல்நலப் பணியில் இருப்பவள் என்ற முறையில் நான் கேட்டறிந்த பலருடைய அனுபவங்களை இருவர் மீது ஏற்றித் தொகுத்திருக்கிறேன். வயது, காலம், இடம் ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். சிற்றூரில் ஒரு சிறு விவரமே ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மருத்துவத்துக்குத் தேவையில்லாத எதையும் சொல்லவில்லை.

இருவரின் பின்னணி

மூத்தவரை இருபது வயதில் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எட்டு மாதத்துக்குள் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டார். குழந்தை இல்லை, சட்டப்படியான மணமுறிவும் இல்லை. ஊர் அவரை ‘வாழாவெட்டி’ என்றது. இளையவர் மணம் செய்துகொள்ளவே இல்லை; பெண் பார்க்க வந்தவர்களை ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்து, தந்தையின் மறைவுக்குப் பின் அண்ணன் வீட்டிலிருந்து வெளியே வந்தவர். ஒரே பீடிக்கடையில் இலை வாங்கப் போனபோது ஏற்பட்ட பழக்கம் இருவரையும் ஒரு வீட்டில் கொண்டு சேர்த்தது. ஊரார் இவர்களைச் ‘சேக்காளிகள்’ என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேளாமை இத்தனை ஆண்டுகளாக அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் அதே போலக் கேளாமல் விட்டபோது அதுவே கேடாக முடிந்தது.

தவறிய வாய்ப்புகள்

தமிழ்நாட்டில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிய கருப்பைவாய்ப் பரிசோதனை பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. முப்பது வயதைக் கடந்த பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். ஒன்றிய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை என்றே வகுத்திருக்கிறது. இவற்றில் எங்கும் ‘மணமானவர்’ என்ற நிபந்தனை கிடையாது. ஆயினும் நடைமுறையில் அந்த நிபந்தனை இருக்கிறது. அது எங்கிருந்து வந்து சேர்கிறது என்பதில்தான் இந்த நிகழ்வின் உட்பொருள் அடங்கியிருக்கிறது.

ஓர் ஊரில் எந்தெந்தப் பெண்ணுக்கு என்ன சேவை போய்ச் சேரவேண்டும் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் தம் பதிவேடுகளைக் கொண்டே அறிகிறார். அவற்றில் முதன்மையானது தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. மணமான, பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்கள் அதில் இடம்பெறுகிறார்கள். கருத்தரித்தவுடன் தாய்சேய்ப் பதிவு எண் கிடைக்கிறது. பிரசவ உதவித்தொகை, தடுப்பூசி, குடும்பநலம் என்று பல ஆண்டுகள் நீளும் தொடர்பு அங்கிருந்து உருவாகிறது. முப்பது வயதில் ‘வாக்கா, ஒரு சோதனை இருக்கு’ என்று செவிலியர் அழைத்தால் பெண்கள் போவது, அந்தப் பழைய பழக்கத்தின் பேரிலேயே. தாய்சேய் நலத்தில் தமிழ்நாடு கண்ட வெற்றிக்கு இந்த ஏற்பாடே முதுகெலும்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனைவியாகவும் தாயாகவும் ஆகாத பெண்ணுக்கு இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இல்லை. அவரை யாரும் விலக்கவில்லை. அவர் எண்ணப்படவே இல்லை.

மூத்தவர் ஒருமுறை தாமாகவே செவிலியரிடம் கேட்டிருக்கிறார். “இது குடும்பம் நடத்துதவங்களுக்கு உள்ளதுக்கா, ஒங்களுக்கு வேண்டாம்லா. எதுக்கு வீணா அந்தக் கஷ்டம்?” என்பது அவருக்குக் கிடைத்த பதில். சொன்னவர் அன்போடுதான் சொன்னார். வாழ்க்கையில் அடிபட்ட ஒருத்தியை மேலும் கூச்சத்துக்கு ஆளாக்க வேண்டாம் என்றே நினைத்தார். அந்த அன்பின் அடியில் மருத்துவப் பிழை ஒன்று கிடந்தது: எட்டு மாதமேயானாலும் மணவாழ்வில் ஆணுடன் ஏற்பட்ட உடலுறவு, வைரஸ் தொற்றுவதற்குப் போதுமான காரணம். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதன்பின் அவருக்கு வேறு உறவு இருக்கக்கூடும் என்று யாரும் எண்ணவும் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. மூத்தவர் வரிசையில் நின்றார். மேசையில் இருந்த படிவம் கணவர் பெயர், குழந்தைகள் எண்ணிக்கை, கடைசிப் பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்றா என்ற வரிசையில் சென்றது. எழுதுபவர் ஒவ்வொன்றையும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுக்கொண்டிருந்தார். தம் முறை வருவதற்குள் அவர் வரிசையை விட்டு விலகி வீட்டுக்குப் போய்விட்டார். “அத்தன பேரு முன்னால அந்த ஆளு பேர எதுக்குச் சொல்லணும்?” என்று பின்னால் என்னிடம் கேட்டார். இதற்கு மருத்துவக் காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை, ஏனெனில் அப்படி ஒன்று இல்லை. வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாகக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் பகுதி உண்டா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. கணவர் பெயர் தெரிந்தால் அந்த வெண்மை கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை.

மூன்றாவது வாய்ப்பு தவறியதே எல்லாவற்றிலும் கனமானது. 42 வயதில் அவருக்கு நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் தொடங்கியது. இருவரும் நெருங்கியிருந்த பின் இரத்தக் கசிவும் இருந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகளில் உறவுக்குப் பின் வரும் இரத்தக் கசிவு முன்வரிசையில் நிற்பது. எந்த மருத்துவ மாணவியும் தேர்வில் எழுதுவது. அவர் போன தனியார் மருத்துவமனையில், “வீட்டுக்காரர் கூட இருக்காரா?” என்று கேட்டார்கள். “இல்லை” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு உறவு பற்றிய கேள்வி எதுவும் எழவில்லை, உள்பரிசோதனையும் நடக்கவில்லை. வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். கேட்கப்படாத கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? தாமாகவே சொல்வதென்றால், இரத்தம் எப்போது வருகிறது என்பதைச் சொல்லும்போதே யாருடன் வாழ்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையில் வேறு இரு நோயாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

இளையவரின் அனுபவம் வேறு விதமானது. 36 வயதில் அவர் தாமாகக் கேட்டபோது, மணமாகாத பெண்ணுக்கு ஸ்பெகுலம் (யோனிப் பாதையை விரித்துப் பிடிக்கும் கருவி) வைத்துப் பார்க்க இயலாது, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் சிக்கலாகிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் கன்னிமை பற்றிய ஊராரின் கவலை, அவருடைய உயிரைப் பற்றிய மருத்துவக் கவலையை விடப் பெரிதாக நின்ற இடம் இது. சிறிய அளவு ஸ்பெகுலமும் உண்டு. வேண்டியதெல்லாம் விளக்கமும் ஒப்புதலும் சற்றுப் பொறுமையும்தான்.

கண்டறிதல்

பீடிக்கடையில் வாரக் கணக்கு முடிக்கும் நாளில், பெண்கள் கூடியிருந்தபோது, சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து பேசினார். “முப்பது வயசு தாண்டுன, கர்ப்பப்பை உள்ள யாரா இருந்தாலும் வாங்க. கல்யாணம் ஆச்சா, பிள்ள இருக்கான்னு கேக்கமாட்டோம். தனி ரூம்ல ஒரு ஆள்தான் பார்ப்போம்” என்றார். இளையவர் அன்றே மூத்தவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார்.

மூத்தவருக்கு ஸ்பெகுலம் வைத்த உடனேயே, தொட்டால் இரத்தம் கசியும் கட்டி கண்ணுக்குத் தெரிந்தது. அசிட்டிக் அமிலத்துக்கு வேலை இருக்கவில்லை. திசுப் பரிசோதனையில் செதிள் செல் புற்று என்று உறுதியாயிற்று, எம்.ஆர்.ஐ. படமும் மருத்துவர்களின் நேரடிப் பரிசோதனையும் நோய் பக்கத் திசுக்களுக்குப் பரவியிருப்பதைக் காட்டின. இந்த நிலையில் அறுவை சிகிச்சை முதல் வழியாக இருப்பதில்லை. வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும், ஐந்து வாரங்கள் வெளிக் கதிர்வீச்சும், அதன்பின் உட்கதிர்வீச்சும் என்று சிகிச்சை வகுக்கப்பட்டது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை எட்டு வாரங்களைத் தாண்டாமல் முடிப்பது பலனைத் தீர்மானிக்கும் என்பதால் ஒரு நாளையும் தவறவிடக் கூடாது.

இளையவருக்கு அசிட்டிக் அமிலம் தடவியபோது சிறிய வெண்பகுதி தெரிந்தது. தாமே எடுத்துக்கொடுத்த மாதிரியில் செய்த மரபணுச் சோதனையில் உயர் அபாய ஹெச்.பி.வி. இருப்பது தெரியவந்தது, திசுப் பரிசோதனையில் நடுத்தர அளவிலான முன்மாற்றம். வெப்ப முனையைச் சில நொடிகள் வைத்து அப்பகுதியை அழிக்கும் சிகிச்சை வெளிநோயாளியாகவே முடிந்தது. அவர் மறுநாள் பீடி சுற்ற உட்கார்ந்தார்.

பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு

இளையவர் ஆணுடன் ஒருபோதும் உறவு கொண்டவர் அல்லர். பிறகு எப்படி வைரஸ் வந்தது என்று சிகிச்சை அறையிலேயே ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வி மருத்துவத் துறைக்குள்ளேயே பரவலாக இருப்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

மணமாகாத பெண்களுக்கு இந்நோய் வராது என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இத்தாலியின் வெரோனா நகர இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னியாஸ்திரீகளை விட மணமான பெண்களிடையே கருப்பைப் புற்று மிகுதியாக இருப்பதாக 1842-இல் எழுதினார். பாலுறவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சுட்டியதில் அது முக்கியமான படி. மனித பாப்பிலோமா வைரஸே காரணம் என்பதை ஹரால்டு சுர் ஹவுசன் நிறுவி, அதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரு வகைகளே பத்தில் ஏழு கருப்பைவாய்ப் புற்றுகளுக்குக் காரணம். ஆனால் ‘பாலுறவு’ என்ற இடத்தில் ‘ஆணுடன் மணவாழ்வு’ என்று வைத்துப் படிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

வைரஸ் பரவ விந்து தேவையில்லை. தோலோடு தோலும் சளிச்சவ்வோடு சளிச்சவ்வும் உரசுவது போதும். விரல்கள் வழியாகவும், பகிர்ந்துகொள்ளும் பொருட்கள் வழியாகவும் அது போய்ச்சேரும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெண்களோடு உறவு கொண்ட பெண்களிடம் ஆய்வு செய்து 1998-இல் வெளியான முடிவுகள், ஆணுடன் உறவே கொள்ளாதவர்களிலும் சிலருக்கு இந்த வைரஸும் அதனால் ஏற்படும் செல் மாற்றமும் இருந்ததைக் காட்டின. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் செய்தி நம் ஊர்ப் புறநோயாளர் பிரிவுகளுக்கு வந்துசேரவில்லை. இங்கிலாந்திலும்கூடத் தன்பாலீர்ப்பு கொண்ட பெண்களிடம் ‘உங்களுக்கு இச்சோதனை வேண்டாம்’ என்று மருத்துவப் பணியாளர்களே சொல்லியனுப்பிய காலம் இருந்தது. கருப்பைவாய் உள்ள எவரும் செய்துகொள்ள வேண்டும் என்று தேசிய சுகாதாரச் சேவை பின்னர் தெளிவாக அறிவித்தது.

யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதைச் சோதனை சொல்லாது. சொல்ல வேண்டியதும் இல்லை. வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கக்கூடியது. பெரும்பாலானோரின் உடலே அதை இரண்டு ஆண்டுகளுக்குள் வெளியேற்றிவிடுகிறது. சிலருக்கு மட்டுமே தங்கிப் புற்றுக்கு வழி செய்கிறது. இதை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விளக்கியபோது, தம்மால்தான் இளையவருக்கு இது வந்தது என்று மூத்தவர் சுமந்திருந்த குற்றவுணர்வு ஓரளவு தணிந்தது. இப்படி விளக்க வேண்டுமானால் அவர்கள் இருவரும் யார் என்று மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில்

கதிர்வீச்சுக் காலத்தில் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். பெண்கள் பிரிவில் நோயாளியுடன் ஒரு பெண் துணைக்குத் தங்கலாம் என்ற விதி இவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. கணவராக இருந்தால் இரவில் வெளியே வராந்தாவில் படுத்திருப்பார். இளையவரோ கட்டிலுக்கு அடியிலேயே பாய் விரித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் “தங்கச்சியா?” என்று கேட்டபோது தலையசைத்தார். கஞ்சி வாங்கி வருவது, வயிற்றுப்போக்கு நாட்களில் துணி மாற்றுவது, மருந்து ஏறும் நேரம் பார்ப்பது என்று எல்லாம் அவர் கையில்தான் நடந்தன. உட்கதிர்வீச்சுக்கு மயக்க மருந்து தரவேண்டிய நாளில் மட்டும் நிலைமை மாறியது. “கையெழுத்துப் போட யார் வந்திருக்கா? ரத்த சொந்தம் யாராவது?” என்று கேட்டார்கள்.

இந்த இடத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதலே ஒப்புதல். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுவே: 44 வயதான, மணமாகாத ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை நீக்கியது செல்லாது என்று அது தீர்ப்பளித்தது. பெற்ற தாயின் கையெழுத்தே நோயாளியின் சம்மதத்துக்கு ஈடாகாது என்றால், மூத்தவரோடு பல ஆண்டுகளாகப் பேசாத அவருடைய அண்ணனின் கையெழுத்துக்காகச் சிகிச்சை ஏன் காத்திருக்க வேண்டும்? ஆனால் நடைமுறையில் உறவினர் கையெழுத்து ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அண்ணனை வரவழைக்க இரண்டு நாள் பிடித்தது. எட்டு வாரக் கெடுவில் அந்த இரண்டு நாட்களும் விலையுள்ளவை. வந்தவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது, இத்தனை காலம் தெரியாதது போல் இருந்த விஷயத்தை வராந்தாவில் உரக்கப் பேசிவிட்டுப் போனார்.

காப்பீட்டு அட்டையும் இதே கதைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டது. மூத்தவரின் பெயர் இன்னும் பெற்றோர் வீட்டு அட்டையில், அண்ணன் பெயரோடு இருந்தது. அதை வாங்கப் போனால் நோயைச் சொல்ல வேண்டும். சேர்ந்து வாழும் தன்பாலினத் துணைகளை ஒரே குடும்பமாகக் கருதிக் குடும்ப அட்டை வழங்கலாம் என்று 2024-இல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு, நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதார அமைச்சகமும் எழுதியது. இறந்த பின் உடலைப் பெறும் உரிமை காகிதத்தில் ஏறியிருக்கிறது. உயிரோடு இருக்கும்போது சிகிச்சை பற்றிய விவரத்தைக் கேட்கும் உரிமை வட்டார மருத்துவமனையின் படிவத்தில் இன்னும் ஏறவில்லை. இந்த வரிசை மாறவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சென்னை உயர் நீதிமன்றம் இதில் முன்னோடியாக நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து வந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் மாதம் பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றுக்குத் தடை விதித்தது. மருத்துவப் பாடநூல்களைத் திருத்தவும் அந்த வழக்கு வழிவகுத்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழி அன்று என்றும், தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. எனினும் பாடத்திட்டம் எளிதில் பழைய தடத்துக்குத் திரும்பும். 2024 ஆகஸ்டில் வெளியான இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில், தடயவியல் மருத்துவப் பகுதியில், பெண்-பெண் உறவு மீண்டும் ‘இயற்கைக்கு மாறான குற்றங்கள்’ வரிசையில் இடம்பெற்று, எதிர்ப்பு எழுந்தபின் செப்டம்பரில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒரு மருத்துவருக்கு இத்தகைய உறவு முதன்முதலாக அறிமுகமாவது குற்றவியல் பாடத்தில்தான் என்றால், பின்னாளில் புறநோயாளர் பிரிவில் அவர் அதைப் பற்றிக் கேட்கத் தயங்குவதில் வியப்பில்லை.

சிகிச்சைக்குப் பின்னும் ஒரு விடுபடல் நேர்ந்தது. இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு யோனிப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளக்கூடும். அதைத் தடுக்க விரிப்பான் பயன்படுத்தும் முறையைச் சொல்லித்தர வேண்டும். சூலகங்கள் செயலிழந்து மாதவிடாய் முன்கூட்டியே நின்றுவிடுவதால் வறட்சி, எலும்புத் தேய்மானம் ஆகியவை பற்றியும் பேச வேண்டும். கணவரோடு வந்த பெண்களுக்கு இவை விளக்கப்பட்டன. மூத்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கு அது தேவைப்படாது என்று எடுத்துக்கொண்டார்கள். நெருக்கம் ஒருபுறம் இருக்கட்டும், பாதை ஒட்டிப்போனால் மறுபடி நோய் தலைகாட்டுகிறதா என்று பரிசோதிக்கவே முடியாமல் போகும்.

ஆய்வு

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019–21-இல், 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கருப்பைவாய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம் என்று பதிந்தது. நாம் முன்னே நிற்கிறோம் என்பது உண்மை; பத்தில் ஒருவரைக்கூட முழுமையாக எட்டவில்லை என்பதும் உண்மை. 2030-க்குள் 35 வயதிலும் 45 வயதிலும் சோதனை செய்துகொண்டவர்கள் 70 சதவீதமாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த இலக்கு. அந்தக் கணக்கெடுப்பில் பாலீர்ப்பு பற்றிய கேள்வி கிடையாது, எனவே 9.8 என்ற எண்ணுக்குள் இந்த ஆய்வில் வரும் பெண்களைப் போன்றவர்களைத் தேடிப் பிரித்தெடுக்க வழியில்லை.

பொதுவாகவே சோதனை குறைவாக நடக்கும்போது ஒரு சிறுபான்மையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்கப்படுவதுண்டு. என் மறுமொழி இது: இந்த இரு பெண்களைத் தடுத்த அதே படிவமும் அதே கேள்வியும், மணமாகாமல் தனித்து வாழும் பெண்களையும், இளம் வயதில் கைம்பெண்ணானவர்களையும், குழந்தையில்லாதவர்களையும், கணவரைப் பிரிந்தவர்களையும் தடுக்கின்றன. நெல்லைச் சீமையின் பீடி ஊர்களில் இப்படிப்பட்ட பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தன்பாலீர்ப்பு கொண்ட பெண்களுக்கு இருப்பது கூடுதலான ஒரு சுவர். அவர்கள் உண்மையைச் சொன்னால் வீட்டையும் பிழைப்பையும் இழக்க நேரிடலாம். எனவே உண்மையைச் சொல்லும்படி அவர்களை வற்புறுத்தாமலே சோதனை கிடைக்கும்படி செய்வதுதான் முறை. வயதும், கருப்பைவாய் உண்டா என்பதும் தவிர வேறு எதையும் சோதனைக்கு முன் கேட்க வேண்டியதில்லை. அறிகுறிகளைக் கேட்கும்போது மட்டும், கணவர் உண்டா என்று கேளாமல், ‘யாருடனாவது உடல் நெருக்கம் உண்டா, அதன்பின் இரத்தம் வருகிறதா’ என்று தனியறையில் கேட்டால் போதும்.

மனைவியாகவோ தாயாகவோ அல்லாமல் ஒரு பெண்ணை அவருடைய பெயரிலேயே அறிந்திருக்கும் பதிவேடுகள் இந்தச் சீமையில் ஏற்கெனவே இருக்கின்றன. பீடிக்கடையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. பலருக்கு வருங்கால வைப்புநிதி எண் உண்டு. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உண்டு. 1976-ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தின்கீழ் இயங்கும் மருந்தகங்கள் உண்டு. மகளிர் குழுவும் அப்படியே. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம் போன்ற இடங்களில் பீடிக்கடைக் கணக்கு நாளையே சோதனை நாளாக்கினால், தம்பதியர் பதிவேட்டில் இல்லாதவர்களும் வந்துவிடுவார்கள். தொழிலாளி என்ற முறையில் அழைக்கப்பட்டபோதுதான் இந்த இரு பெண்களும் வந்தார்கள் என்பது தற்செயல் அன்று. திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்களே ஊர் ஊராகச் சென்று அசிட்டிக் அமிலச் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு உடன் சிகிச்சையும் அளித்த ஆய்வு 2007-இல் வெளியானது. அங்கே நோய் ஏற்படுவது 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மருத்துவர் தேவையில்லை, பெரிய கருவி தேவையில்லை என்பதை நம் தென்மாவட்டங்களில் ஒன்றே உலகுக்குக் காட்டியிருக்கிறது.

தாமே மாதிரி எடுத்துக்கொள்ளும் ஹெச்.பி.வி. சோதனை அடுத்த படி. சிறு பஞ்சுக் குச்சியைத் தனிமையில் தாமே உள்ளே செலுத்தி எடுத்துத் தரலாம். மரபணு பெருக்கச் சோதனையில் இதன் துல்லியம் மருத்துவர் எடுத்ததற்கு ஏறத்தாழ நிகரானது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இச்சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் ஒரே ஒருமுறை செய்த ஹெச்.பி.வி. சோதனை, இந்நோயால் நேரும் இறப்பை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ஸ்பெகுலத்துக்கு அஞ்சும் பெண்களுக்கு இது பெரும் உதவி, திருநம்பிகளுக்கு (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்பவர்களுக்கு) அதைவிடவும். கருப்பை நீக்கப்படாத திருநம்பிகளுக்கும் கருப்பைவாய் இருக்கிறது, ஆண் இயக்குநீர் எடுத்துக்கொள்வதால் ஏற்படும் வறட்சியில் ஸ்பெகுலம் மிகுந்த வலி தரும், ‘பெண்கள் முகாம்’ என்ற பலகைக்குக் கீழே அவர்கள் வந்து நிற்கவும் மாட்டார்கள்.

மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, நோயாளி தாமே ஒருவரைத் துணையாகப் பெயர் குறித்துக் கொடுக்கும் ஒரு வரியைச் சேர்க்கைப் படிவத்தில் இடுவது உடனடியாகச் செய்யக்கூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், நோயாளி விரும்பும் எவரையும் தம் பிரதிநிதியாக நியமிக்க ஏற்கெனவே இடமளிக்கிறது. உறவுமுறை அதில் நிபந்தனையாக வைக்கப்படவில்லை. புற்றுநோய்ப் பிரிவுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

மூத்தவரின் சிகிச்சை எட்டு வாரத்துக்குள் நிறைவுற்றது. மூன்று மாதங்களுக்குப் பின் எடுத்த படத்தில் கட்டி தென்படவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தொடர்கிறது. விரிப்பான் பயன்படுத்தும் முறை அவருக்குத் தாமதமாகவேனும், இருவரும் உடனிருக்கச் சொல்லித்தரப்பட்டது. இளையவருக்குப் பன்னிரண்டாம் மாதத்தில் மறு ஹெச்.பி.வி. சோதனை நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, அதற்கான சீட்டில் கணவர் அல்லது தந்தை பெயர் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டு, தொடர்புக்குரியவர் என்ற இடத்தில் மூத்தவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் செவிலியரே எழுதிக்கொடுத்தார்.